டார்ச் வெளிச்சத்தில் அப்பா

கே: அப்பா கடலூரில் வீடு கட்டித் தந்த மேஸ்திரி. தளம் போட்ட வாரம் முழுக்க, கான்கிரீட் இறுகுவதற்காகத் தளத்தின் மேல் கட்டிய பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க ராத்திரி டார்ச்சோடு கிளம்புவார், என்னையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு. முதல் வருஷத் திதிக்கு சுவரொட்டி ஒட்டலாம் என்கிறார் சித்தப்பா. சரியா? (வாசகி, மஞ்சக்குப்பம்)

ப: சுவரொட்டி ஒரு மழைக்குத் தாங்காதும்மா. அவர் கட்டிய வீடுகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் அடித்தபோது உள்ளே இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், அப்புறம் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பியை மூடும் கான்கிரீட் போதாமல் போனால் நம்மூர் உப்புக்காற்றில் துருவேறிப் பெயர்ந்து விழும், தண்ணீர் காட்டாத தளமும் அப்படித்தான். பெயராமல் இருந்தால் அதில் அந்த டார்ச்சுக்கும் பங்குண்டு. சுவர் நேராக நிற்கிறதா என்று அப்பா பார்த்த தூக்குக்குண்டை மட்டும் சித்தப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள்!