நிலாவில் பதிந்த காலடி

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விண்கல் சாய்வாகவும் வந்து விழுமே, அப்புறம் நிலாவில் எல்லாப் பள்ளமும் ஏன் வட்டமாக இருக்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காற்றும் மழையும் இல்லாததால் ஆம்ஸ்ட்ராங்கின் காலடி அங்கே என்றைக்கும் அழியாது என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா?

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கல் நொடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதி வெடிக்கிறது. வெடிப்பு எல்லாப் பக்கமும் தள்ளுவதால் வட்டம். மிகத் தாழ்வாகச் சாய்ந்து வந்தால்தான் மெஸ்ஸியர் பள்ளம் மாதிரி நீளும். முன்னோரை விடுங்கள்.

ஆனால் 'என்றைக்கும் அழியாது' என்று எப்படிச் சொன்னீர்கள்? எங்கள் பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள், நிலா செத்த உலகம், காற்றில்லை, ஆகவே மாற்றமில்லை என்று. இத்தனை வருடம் கழித்தும் அதே வரி வகுப்பறையில் ஓடுகிறது என்பதுதான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் யோசியுங்கள். காற்றில்லை என்றால் வருகிற கல்லை எரிக்கவும் எதுவுமில்லை. இங்கே வானத்திலேயே கருகிப்போகும் மணல் பருக்கைகூட அங்கே முழு வேகத்தில் தரையில் இறங்கும். 2013 மார்ச் 17 அன்று நிலாவின் மாரே இம்பிரியம் என்ற சமவெளியில் விழுந்த கல்லின் வெளிச்சம் பூமியிலிருந்தே தெரிந்தது. நிலாவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம் பிறகு அந்த இடத்தைப் படமெடுத்தபோது 18 மீட்டர் அகலத்தில் புதுப் பள்ளம், தெறித்த மண்ணின் தடம் 30 கிலோமீட்டர் வரைக்கும். அதே விண்கலத்தின் முன்-பின் படங்களை ஒப்பிட்டு 222 புதிய பள்ளங்களைக் கண்டுபிடித்து 2016இல் வெளியிட்டார்கள். மேல்மண்ணின் 2 சென்டிமீட்டர் சுமார் 81,000 வருடத்தில் புரண்டுவிடுகிறது, முன்பு நினைத்ததைவிட நூறு மடங்கு வேகம். காலடியின் ஆழமே அவ்வளவுதானே டீச்சர்! இன்னொன்று, எல்லோரும் ஆம்ஸ்ட்ராங்குடையது என்று காட்டும் அந்தப் புகழ்பெற்ற காலடிப் படம் அவரோடு நிலாவில் இறங்கிய ஆல்ட்ரினுடையது. மண் எப்படி அமுங்குகிறது என்று பார்க்க ஆல்ட்ரினே மிதித்து ஆல்ட்ரினே எடுத்தார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கேட்கிற ஆசிரியர் கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். அடுத்த பௌர்ணமிக்கு ஒரு பைனாகுலர் வாங்கிவந்து டைக்கோ பள்ளத்தைக் காட்டுங்கள். சுமார் 11 கோடி வருடத்துக்கு முன் விழுந்த அடி, அப்போது தெறித்த மண் போட்ட வெள்ளைக் கோடுகள், அதாவது கதிர்கள், இன்னும் நிலாவில் பாதி தூரம் ஓடுகின்றன. பக்கத்திலேயே கிளாவியஸ், அதைவிட எவ்வளவோ பெரியது, வயதும் அதிகம், ஒரு கதிர்கூட இல்லை. அவை எங்கே போயின என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.