144 வகை நோட்டுப் புத்தகங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் செய்து விற்கிறேன். ஆறு ஆண்டுகளாக நானும் உதவிக்கு ஒருவருமாக நடத்தி வருகிறோம். 4 அளவு, 6 அட்டை நிறம், கோடு போட்டது, போடாதது, புள்ளி வைத்தது என்று 3 வகை உள்தாள், 2 விதத் தையல். இவை போகத் தனி ஆர்டர்கள். வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் மூன்றிலும் ஆர்டர் வருகிறது. இப்போது கையில் 36 ஆர்டர்கள் நிற்கின்றன. வாரத்துக்கு 9 முடிக்க முடிகிறது. 10 நாளில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன ஆண்டு புது அலமாரிகள் வாங்கினேன், பெட்டிகளுக்கெல்லாம் லேபிள் ஒட்டினேன், இரண்டு செயலிகளும் போட்டுப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. எந்தச் செயலி நல்லது? எதைத் தூக்கிப் போடுவது? இன்னொன்று, 150 மி.மீ. சதுர நோட்டு பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் விரித்தால் படிய மாட்டேன் என்கிறது என்று புகாரும் வருகிறது. அதைக் கைவிட மனமில்லை.

ம.

அன்புள்ள ம.,

செயலியைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் எண்களைப் பெருக்கிப் பாருங்கள். 4 அளவு, 6 நிறம், 3 தாள், 2 தையல் என்றால் 144 வகை நோட்டுகள். இரண்டு பேர் வேலை செய்யும் அறையில் 144 வகைக்கும் தாள், அட்டை, துணி, நூல், மாதிரி, புகைப்படம், விலை எல்லாம் தயாராக இருந்தாக வேண்டும். எத்தனை அலமாரி வாங்கினாலும் இடம் போதாமல் போவது இதனால்தான்.

ஜப்பானியத் தொழிற்கூடங்களில் ‘ஃபைவ் எஸ்’ என்று ஒரு முறை உண்டு. அதில் முதல் படி செய்ரி, வேண்டாததைப் பிரித்து வெளியேற்றுவது. செய்டோன், அதாவது அடுக்குவது, இரண்டாவதாகத்தான் வரும். துடைப்பதும், அந்த நிலையை வழக்கமாக்குவதும், கட்டுப்பாட்டோடு தொடர்வதும் அதற்குப் பிறகு. நீங்கள் இரண்டாவது படியில் தொடங்கிவிட்டீர்கள். வேண்டாததற்கும் லேபிள் ஒட்டினால் அதற்கும் நிரந்தர இடம் கிடைத்துவிடுகிறது.

எதை வெளியேற்றுவது என்பதை அறைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள். கடந்த 12 மாத விற்பனையை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை விற்றது, ஒன்றைச் செய்ய எத்தனை நிமிடம், பொருள், பேக்கிங், கட்டணம் எல்லாம் போக என்ன மிச்சம் என்று பாருங்கள். மிச்சத்தை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஏ5 நோட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். பொருள் 30, பேக்கிங் 8, கட்டணம் 7 போனால் மிச்சம் 55. செய்ய 50 நிமிடம் என்றால் மணிக்கு 66. தனி ஆர்டர் ஒன்று 300க்குப் போகிறது. செலவு 105 போக 195 மிச்சம். பார்க்கப் பெரிய தொகை. ஆனால் அதற்கு 5 மணி நேரம் ஆகியிருந்தால் மணிக்கு 39தான். அந்த 5 மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம், “இந்த நீலமா, கொஞ்சம் வெளிர் நீலமா” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும். அந்த நேரத்தைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தயவுசெய்து சேருங்கள்.

நிறங்களில் முதலில் கை வையுங்கள். ஒரு நிறம் என்பது ஒரு சுருள் துணியோடு முடிவதில்லை. அதற்குப் பொருத்தமான நூல், முன்பின் ஒட்டும் தாள், முதுகின் நுனியில் ஒட்டும் தலைப்பட்டை எல்லாம் கூடவே வருகின்றன. 6 நிறத்தை 3 ஆக்கினால் குறைந்தது 12 பொருள்கள் அறையை விட்டுப் போகும். உள்தாளில் புள்ளி வைத்ததையும் கோடு போடாததையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். தையல் ஒன்று போதும். அளவு 2. இப்போது பெருக்கினால் 12 வகை. வாங்குபவருக்கு 12இல் தேர்ந்தெடுப்பது 144இல் தேர்ந்தெடுப்பதைவிட எளிது. உங்களிடம் சந்தேகம் கேட்டு வரும் செய்திகளும் குறையும்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது தாளின் கிரெய்னைப் பாருங்கள், அதாவது நார் ஓடும் திசை. நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும், பசையின் ஈரம் பட்டதும் தாள் நாருக்குக் குறுக்காக விரிவதால் முதுகோரம் அலை அலையாக நெளியும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளவாக்கில், 297 மி.மீ. பக்கமாக ஓடும். அதை அப்படியே இரண்டாக மடித்து ஏ5 நோட்டு தைத்தால் நார் குறுக்காகிவிடும். ஏ5க்கு நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி இரண்டாக வெட்டி மடியுங்கள். ஏ6க்கு மட்டும் நீளவாக்கு ஏ4 சரி. இரண்டாக வெட்டி மடித்தால் நார் முதுகோடு போகும். ஆக ஏ5, ஏ6 என 2 அளவு வைத்தால் தாள் இருப்பும் 2 அளவு. கட்டைப் பிரித்ததும் ஒரு தாளை எடுத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது மடிப்பு எந்தத் திசையில் விழுகிறதோ அதுதான் நாரின் திசை. கட்டின் மேல் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

உங்கள் சதுர நோட்டின் புகாருக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. 150 மி.மீ. சதுரத்துக்கு மடிக்காத தாள் 300 × 150 வேண்டும். ஏ4இன் நீளம் 297. 3 மி.மீ. போதவில்லை. எனவே ஏ3இலிருந்து வெட்டுகிறீர்கள். 420 × 297இல் ஒரு தாள் வெட்டிய பிறகு பக்கவாட்டில் மிஞ்சுவது 147 மி.மீ. அதிலும் இன்னொன்று வராது, மறுபடி அதே 3 மி.மீ. ஆக ஒரு ஏ3க்கு ஒரே ஒரு தாள். 36 சதவீதம் நோட்டாகிறது, 64 சதவீதம் துண்டாகி உங்கள் பெட்டிகளில் உட்காருகிறது. இதோடு போகவில்லை. 300 மி.மீ. நீளம் 420 பக்கமாக மட்டுமே பொருந்தும் என்பதால், நீளவாக்குத் தாளில் நார் முதுகுக்குக் குறுக்காகத்தான் விழும். நோட்டு படியாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். உங்கள் தையலைச் சந்தேகிக்க வேண்டாம்.

விட மனமில்லை என்றால் 145 மி.மீ. ஆக்குங்கள். 290 மி.மீ. நீளத்தை ஏ3இன் 297 பக்கமாக வைத்தால் ஒரு தாளில் இரண்டு கிடைக்கும், நாரும் முதுகோடு ஓடும். அப்போதும் மூன்றில் ஒரு பங்கு தாள் வீண்தான். அதை விலையில் சேர்த்துவிடுங்கள். ஆனால் இதற்காகப் பட்டியலில் மூன்றாவது அளவு சேர்க்காதீர்கள். ஏ6க்குப் பதிலாகச் சதுரத்தை வையுங்கள். அப்படி வைத்தால் ஏ5க்கும் சதுரத்துக்கும் அதே நீளவாக்கு ஏ3 போதும், ஏ4 இருப்பே தேவையில்லை. சதுரம் நன்றாக விற்பதால் எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

வகை குறைந்ததும் நேரமும் குறையும். வெட்டும் அளவு மாற்றுவது, துளையிடும் மாதிரியை எடுத்து வைப்பது, பசை கலப்பது, மேசை துடைப்பது எல்லாம் ஒரு நோட்டுக்கும் 8 நோட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஆயத்த வேலைக்கு 40 நிமிடமும் ஒவ்வொரு நோட்டுக்கும் 20 நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒன்று மட்டும் செய்ய 60 நிமிடம். 8 சேர்த்துச் செய்தால் ஒன்றுக்கு 25 நிமிடம். ஒட்டிய நோட்டு இரவு முழுக்க எடையின் கீழ் இருக்க வேண்டும் அல்லவா, அந்த எடையின் கீழ் ஒன்று இருந்தாலும் எட்டு இருந்தாலும் அதே ஓர் இரவுதான்.

இப்போது நிற்கும் 36 ஆர்டருக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஒரு விதி உண்டு. கையில் நிற்கும் வேலையை, ஒரு வாரத்தில் முடியும் வேலையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வரும். 36ஐ 9ஆல் வகுத்தால் 4 வாரம். நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த நிலையில் 10 நாள் என்ற வாக்கைக் காப்பாற்ற முடியாது. வாரத்துக்கு 9 முடிப்பவர் 10 நாளில் அனுப்ப வேண்டுமானால் கையில் 13 ஆர்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மீதி 23. புது ஆர்டரை நிறுத்தினால் 3 வாரத்துக்குள் அது கரைந்துவிடும். முழுதாக நிறுத்த முடியாதென்றால் வாரத்துக்கு 5 மட்டும் எடுங்கள், 6 வாரம் ஆகும். காத்திருக்கும் 36 பேருக்கும் இன்றே சரியான தேதியை எழுதி, வேண்டாமென்றால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு 13ஐத் தொட்டதும் ஆர்டர் படிவத்தை மூடிவிட வேண்டும், 12ஆகக் குறைந்ததும் திறக்கலாம்.

அந்தப் படிவம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மூன்று இடத்திலும் கேள்வி வரலாம், ஆர்டர் படிவத்தில் மட்டும்தான். வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படிவத்தின் இணைப்போடு தானியங்கிப் பதில் வைத்துவிடுங்கள். தெரிந்தவர் ஒருவருக்காகச் செய்தியில் ஆர்டர் எடுத்தீர்களானால் அடுத்த மாதம் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் சறுக்குகிறது. தனி ஆர்டர் மாதம் 3, முழுப் பணம் முன்கூட்டி, மாதிரியில் திருத்தம் இரண்டு முறை. மூன்றாவது திருத்தத்துக்குக் கட்டணம் என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

இனி அறைக்கு வரலாம். எது துண்டு, எது குப்பை என்று ஒவ்வொரு முறையும் யோசிக்காமலிருக்க அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஏ5 அட்டையின் உயரம் 216 மி.மீ., மேலும் கீழும் மடிக்க 15, 15 சேர்த்தால் முதுகுத் துணிக்கு 246 வேண்டும். ஆகவே 250 × 60க்குக் குறைந்த துணித் துண்டு வெளியே. உள்தாளில் 290 × 145க்குக் குறைந்தது வெளியே. இந்த அளவுகளில் இரண்டு அட்டைகளை வெட்டி வெட்டும் மேசையிலேயே ஆணியில் மாட்டிவிட்டால், உதவிக்கு இருப்பவரும் உங்களைக் கேட்காமல் துண்டை அதன் மேல் வைத்துப் பார்த்துவிடுவார். முடிவெடுக்க முடியாதவற்றைப் பெட்டியில் போட்டுத் தேதி எழுதுங்கள். 90 நாள் திறக்காவிட்டால் கொடுத்துவிடலாம். நிறுத்திய வகைகளில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி மட்டும் வையுங்கள், உள்ளே ஒரு சீட்டு: அளவு, தாள் எண்ணிக்கை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), ஆன நேரம். இந்தச் சீட்டு இல்லாமல் தூக்கிப் போட்டவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

வாங்குவதற்கு இரண்டு கட்டு முறை. வாரத்துக்கு 40 அட்டை செலவாகிறது, சரக்கு வர 2 வாரம் ஆகிறது என்றால் 80, தாமதத்துக்கு 40, ஆக 120 அட்டையைத் தனியாகக் கட்டி மேலே சீட்டு வையுங்கள். அந்தக் கட்டைப் பிரிக்கும் நாள்தான் ஆர்டர் கொடுக்கும் நாள். தள்ளுபடி என்று அதற்கு மேல் வாங்க வேண்டாம். பிவிஏ என்னும் வெள்ளைப் பசையையும் பெரிய டப்பாவில் வாங்காதீர்கள், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள்.

செயலி கேட்டிருந்தீர்கள். கணினியில் ஒரு விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) போதும், 8 பத்தி: எண், தேதி, பெயர், வகை, எத்தனை, வந்த பணம், சொன்ன தேதி, அனுப்பிய தேதி. கோப்புகளின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தாமாகவே காலவரிசையில் நிற்கும். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, வாரம் அரை மணி நேரம் வரவு செலவு. பழைய ரசீதுகளை மட்டும் உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும் காலம் வரை அழிக்காதீர்கள்.

ஒன்றைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக எதையாவது செய்து பார்க்கும் ஆசை உங்களுக்கு இருக்கிறது, 144 வகை வந்ததே அதனால்தான். அதற்கு ஒரு பெட்டியும் வாரத்தில் ஒரு பிற்பகலும் ஒதுக்குங்கள். அதில் பிறப்பது நேராக விற்பனைப் பட்டியலுக்குப் போகக் கூடாது. 10 பிரதி செய்து, நேரம் குறித்து, இருக்கும் 12இல் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கையிருப்பில் படியாத 150 மி.மீ. நோட்டுகள் இருந்தால், படியாது என்பதை விவரத்திலேயே எழுதி, மூன்று மூன்றாகக் குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். வெட்டிக் குறைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நாரின் திசை அப்படியேதான் இருக்கும்.