அமெரிக்காவின் டால்டன் கொள்ளைக் கும்பல் ஒரே காலையில் அழிந்தது எப்படி?

பேராசையும் ஒரு கேஷியரின் பொய்யும்தான் காரணம் என்பேன்.

இந்த டால்டன் சகோதரர்கள் முதலில் சட்டத்தின் பக்கம் இருந்தவர்கள். அண்ணன் ஃபிராங்க், கடமையில் இருந்தபோது 1887-இல் சுட்டுக் கொல்லப்பட்ட துணை மார்ஷல், அதாவது அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரி. பாப், கிராட் இருவரும் சிறிது காலம் அதே வேலை பார்த்துவிட்டு, அப்புறம் ரயில் கொள்ளையில் இறங்கினார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்க வேண்டும் என்பது பாபின் கனவு. தேர்ந்தெடுத்த ஊரோ கான்சஸ் மாநிலத்தின் காஃபிவில். அவர்களை நன்றாகத் தெரிந்த ஊர்! 1892 அக்டோபர் 5 காலை ஐந்து பேர் வந்தார்கள், சிலர் ஒட்டுத்தாடியோடு. தெருவில் வேலை நடந்ததால் வழக்கமாகக் குதிரை கட்டும் கம்பம் இல்லை. தள்ளியிருந்த ஒரு சந்தில் கட்டிவிட்டு நடந்தபோதே ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்.

இரண்டில் ஒன்றான காண்டன் வங்கியில் கேஷியர், "பெட்டகத்துக்கு நேரப் பூட்டு, இன்னும் சில நிமிடம் ஆகும்" என்று கூசாமல் புளுகினார். கிராட் நம்பிக் காத்திருந்தான். அதற்குள் ஊர்க்காரர்கள் இரும்புக் கடையிலிருந்து துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள்.

கால்மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. கொள்ளையரில் நான்கு பேரும் ஊர்க்காரர்களில் நான்கு பேரும் செத்தார்கள். கொள்ளையரில் ஐந்தாமவனான பாபின் தம்பி எம்மெட் மட்டும் உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்களோடு பிழைத்தான். ஆயுள் தண்டனையில் 14 ஆண்டு கழித்தபின் 1907-இல் மன்னிப்பு கிடைத்து, கலிஃபோர்னியாவில் குடியேறினான். குதிரை கட்டிய சந்துக்கு இன்றும் 'மரணச் சந்து' என்றுதான் பெயர்.