கடற்புல் வைத்திருக்கும் கணக்கு

ஐயா, வணக்கம்.
கடலில் உலோகக் கழிவு கலந்திருப்பதைக் கடற்புல்லைக் கொண்டு அறியலாம் என்று சென்ற கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? நடுவில் புல் எதற்கு?
செல்வம், தூத்துக்குடி

அன்புள்ள செல்வம்,

பாட்டிலில் நீங்கள் பிடிப்பது அந்த நிமிடத்துத் தண்ணீரை. நேற்றிரவு கழிவைத் திறந்துவிட்டிருந்தால், விடிவதற்குள் நீரோட்டம் அதைக் கொண்டுபோயிருக்கும். கரைந்திருக்கும் ஈயமும் காட்மியமும் மிக நுண்ணிய அளவுதான் என்பதால், பாட்டிலில் ஒட்டிய அழுக்கே கணக்கைக் குலைத்துவிடும். புல் நின்ற இடத்திலேயே நின்று மாதக்கணக்கில் சேர்த்துவைக்கிறது. பாசி என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இல்லை, இது வேருள்ள, பூக்கும் தாவரம். இலை நீரிலிருந்தும் வேர் சேற்றிலிருந்தும் உலோகத்தை எடுத்துக்கொள்ளும்.

இதில் கைதேர்ந்தது மத்தியதரைக் கடலின் பொசிடோனியா. பனையில் ஓலை விழுந்த பிறகும் அடிமட்டை மரத்தோடு நிற்கிறதே, அப்படி இதன் இலை உதிர்ந்தாலும் அடிப்பகுதி செதிலாகத் தண்டில் தங்கிவிடும். அச்செதில்களின் தடிமன் ஆண்டுக்கொரு சுற்றாகக் கூடிக் குறைவதால், எது எந்த ஆண்டுச் செதில் என்று எண்ணிவிடலாம். அந்தந்த ஆண்டுச் செதிலில் உள்ள உலோகத்தை அளந்து பல பத்தாண்டுகள் பின்னோக்கிக்கூடப் போக முடிகிறது. எந்த அலுவலகக் கோப்பும் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

பிரான்சின் கார்சிகா தீவில், கனாரி என்ற ஊரில் ஒரு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கம் இருந்தது. உடைத்த கல்லைக் கடலில்தான் கொட்டினார்கள். அந்தச் சரளையால் பக்கத்து ஊரான நோன்சாவின் கடற்கரை இன்றும் கருஞ்சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. 1965இல் சுரங்கத்தை மூடினார்கள். பல பத்தாண்டுகள் கழித்தும் அங்குள்ள பொசிடோனியாவில் நிக்கல், குரோமியம், கோபால்ட் மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அந்தக் கரையின் பாறையிலேயே இம்மூன்றும் இயற்கையாக உண்டு. உலோகம் இருக்கிறது என்று புல் சொல்லும். யார் கொட்டியது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

துத்தநாகமும் தாமிரமும் இன்னும் சிக்கலானவை. செடிக்கே அவை உணவு என்பதால், இலையில் இருப்பதாலேயே மாசு என்று சொல்லிவிட முடியாது. முற்றிய இலையையும் தளிரையும் ஒப்பிட்டாலும், கோடையில் பறித்ததை மழைக்காலத்தில் பறித்ததோடு ஒப்பிட்டாலும் தவறான முடிவுதான் கிடைக்கும்.

உங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவில் பொசிடோனியா கிடையாது. அங்குள்ள தலாசியா, சைமோடோசியா போன்றவற்றில் இப்படிப் பல்லாண்டுச் செதில்கள் தங்குவதில்லை. ஆகவே பழைய வரலாறு கிடைக்காது. அண்மைய மாதங்களின் நிலையை அறியலாம். ஒரே இனம், ஒரே பருவம், ஒத்த வயதுள்ள இலை என்று பல இடங்களில் எடுத்து, மேலே படிந்திருப்பதைச் சுரண்டிவிட்டுச் சோதிக்க வேண்டும். கரையில் ஒதுங்கிய புல்லைப் பொறுக்கி அனுப்பிவிடாதீர்கள். அது எங்கே வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.