120 பேர் சாப்பிடும் மெஸ்ஸுக்குத் தனி ஆப் வேண்டுமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் 9 ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறேன். பக்கத்து பிஜிக்களில் தங்கியிருக்கும் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள் என்று சுமார் 120 பேர் மாதக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். ஆர்டரை ஃபோனில் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். தெரிந்த தம்பி ஒருவர் மெஸ் பெயரிலேயே ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் ஆப் செய்துதர 1,80,000 ரூபாய் கேட்கிறார். "இனி எல்லாமே ஆப்தான்மா" என்கிறான் மகன். ஒவ்வொரு ஆர்டரிலும் கூகுளும் ஆப்பிளும் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். நகையை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். செய்யலாமா?

பதில்: அம்மா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். உங்கள் மெஸ்ஸுக்கு இப்போது தனி ஆப் தேவையில்லை. ஏன் என்று சொல்கிறேன், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

30 சதவீதப் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அந்தப் பங்கு, ஃபோனுக்குள்ளேயே வாங்கி ஃபோனுக்குள்ளேயே பயன்படுத்தும் டிஜிட்டல் சரக்குக்குத்தான். கேமில் வாங்கும் காயின், பாட்டுச் சந்தா போன்றவை அதில் வரும். சிறு நிறுவனங்களுக்கு அதுவும் 15 சதவீதம்தான். சாப்பாடு, துணி, ஆட்டோ சவாரி எதற்கும் அது கிடையாது.

மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அங்கே இருந்தவை 500 செயலிகள். ஐந்தே ஆண்டில் அது 9 லட்சமானது. நம் நாட்டில் திருப்பம் வந்தது 2016இல். ஏப்ரலில் யூபிஐ அறிமுகமானது, செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைக்கு இறக்கியது. அல்சூர் மார்க்கெட்டில் கீரை விற்பவர் முன்னால் கியூஆர் அட்டை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் ஆப்கள் பெருகின என்பதற்காக, உங்கள் ஆப்பை ஒருவர் தன் ஃபோனில் வைத்துக்கொள்வார் என்று ஆகிவிடாது. இன்று மதியம் சாப்பிட வரும் பிள்ளைகளில் பத்துப் பேரிடம், இந்த வாரம் எந்தெந்த ஆப்பைத் திறந்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஏழெட்டுப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஸ்டோர்களும் இப்போது கதவை இறுக்குகின்றன. வெறும் எழுத்தையோ ஒரு படத்தையோ மட்டும் காட்டும் ஆப்களை 2024இல் கூகுள் களையெடுக்கத் தொடங்கியது. வெறும் மெனு காட்டும் ஆப் அங்கே தேறுவது கடினம்.

ஆப்பாக மட்டுமே இருக்கக்கூடிய வேலைக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் வந்த நம்ம யாத்ரி என்ற ஆட்டோ பிடிக்கும் ஆப்பைப் பாருங்கள். ஆட்டோ எங்கே நிற்கிறது என்பதை நொடிக்கு நொடி தெரிந்துகொள்ள வேண்டும், சவாரி வந்தால் ஓட்டுநர் ஃபோன் உடனே கூப்பிட வேண்டும், அவரும் நாள் முழுக்க அதைத் திறந்தே வைத்திருப்பார். உங்கள் பிள்ளைகள் சொல்வது என்ன? "ஆன்ட்டி, இன்னைக்கு நைட் வேண்டாம்." இந்த ஒரு வரிக்கு ஒரு ஆப்பா?

சரி, 1,80,000 ரூபாயில் முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் திறக்கும் கூகுள் கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். இவை சின்னச் செலவு, சின்னச் சிரமம். பெரியது பராமரிப்பு. புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது கூகுள். விட்டுவிட்டால், புது ஃபோன் வாங்குபவர் தேடும்போது உங்கள் ஆப் அவர் கண்ணிலேயே படாது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்கு இதுதான் நடந்தது. ஆப் செய்தவர் தன் சொந்தக் கணக்கில் வெளியிட்டிருந்தார். இரண்டு வருடத்தில் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல்லும் இல்லை, ஆப்பை எழுதிய கோடான மூலநிரலும் இல்லை. 600 வாடிக்கையாளர்களின் நம்பர்கூடக் கடைக்காரர் கையில் இல்லை. அவர் என் முன்னால் உட்கார்ந்து அந்த நம்பர்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார், போட்ட பணத்தைப் பற்றி அல்ல.

உங்கள் சொத்து அந்த 120 நம்பர்கள்தான். இந்த வாரமே வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள், இலவசம். வீட்டு நம்பரில் வேண்டாம், மெஸ்ஸுக்கென்று ஒரு சிம் வாங்குங்கள். அதிலுள்ள கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் சாப்பாடு, டிபன், மாதச் சந்தா எல்லாவற்றையும் விலையோடு ஏற்றுங்கள். சந்தா முடிந்தவர், பாக்கி வைத்தவர், சைவம் மட்டும் என்று லேபிள் ஒட்டலாம். காலை ஒன்பது மணிக்கு, இன்று வத்தக்குழம்பு, வேண்டாதவர் பத்துக்குள் சொல்லவும் என்று பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும்படி, அனுப்புங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரை சேவ் செய்திருப்பவருக்கு மட்டும்தான் அது போகும். எல்லோரையும் சேவ் செய்யச் சொல்லுங்கள், நிறையப் பேர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். பணத்துக்கு யூபிஐ இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யூபிஐ பணத்தில் உங்களிடம் கட்டணம் பிடிக்க மாட்டார்கள். ஆப்புக்குள் பேமென்ட் கேட்வே, அதாவது பணத்தை வாங்கி உங்கள் கணக்குக்கு அனுப்பும் சேவை, வைத்தால் பொதுவாக 2 சதவீதம் போல அங்கே போகும்.

அப்புறம், ஆர்டர் கைமீறிப் போனால் அடுத்த படி ஒரு சின்ன வெப்சைட். மெஸ் சுவரில் கியூஆர் ஒட்டினால் போதும், டவுன்லோடு இல்லாமல் எந்த ஃபோனிலும் திறக்கும், ஹோம் ஸ்கிரீனிலும் வைத்துக்கொள்ளலாம்.

நாளை என்ன ஆகும் என்றும் மகன் கேட்பான். செயலிகள் அழியாது, ஆனால் தனித்தனியாகத் திறக்கும் பழக்கம் குறையும் என்றே நினைக்கிறேன். சீனாவில் வாட்ஸ்அப் போன்ற வீசாட்டுக்குள், தனியாக டவுன்லோடு செய்யாமலே திறக்கும் மினி ஆப்கள் 2017 முதலே ஓடுகின்றன. இங்கேயும் ஏஐ உதவியாளரிடம் வாயால் சொல்லி ஆர்டர் போடும் காலம் நெருங்குகிறது. அப்போது அதற்கு வேண்டியது சரியான விலையும் நேரமும் எழுதிய ஒரு வெப்சைட். உங்கள் பெயரில் ஐகான் இருக்கிறதா என்று அது பார்க்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் ஆப் செய்வதானால், கூகுள், ஆப்பிள் கணக்குகள் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மூலநிரலும் வாடிக்கையாளர் பட்டியலும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். இதைச் சொன்னதும் அந்தத் தம்பி தயங்கினால் விட்டுவிடுங்கள்.

நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை ஆர்டர் தவறியது, எது தவறாகப் போனது, யார் ஏன் நின்றார்கள் என்று தினம் ஒரு வரி எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்தது என்ன என்று சேர்ந்தே பார்க்கலாம்.