நானோ வெள்ளி ஜெல் போட்ட புண் கறுக்கிறதே, நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. செருப்பு கடித்து வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் வந்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை. மெடிக்கலில் நானோ சில்வர் ஜெல் கொடுத்தார்கள். அதைப் போட்டதிலிருந்து புண்ணைச் சுற்றிக் கறுக்கிறது. நானோ துகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், உடம்பே நீலமாகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். வலியே இல்லை என்கிறார் அப்பா. பெரியப்பாவுக்கு இப்படி ஆரம்பித்துத்தான் விரலை எடுத்தார்கள். ஜெல்லை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதம் முழுக்க ஜெல்லைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது ‘வலியே இல்லை’ என்ற இடம்தான். மூன்று வாரப் புண்ணை ஊன்றி நடக்கிறவருக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் பாதத்தில் நரம்புகள் மரத்துவிட்டன. அப்பா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் புண் மறுபடி நசுங்குகிறது, அவருக்கோ அது தெரிவதில்லை. இந்த நிலையில் எந்த ஜெல்லைப் போட்டாலும் ஆறாது.

நீல உடம்புக் கதையை விட்டுத்தள்ளுங்கள். அது பெரும்பாலும் வெள்ளிக் கரைசலை மருந்தென்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு வந்தது. சின்னப் புண்ணில் சில வாரம் தடவுவதால் வராது. அப்பாவின் சிறுநீரகத்துக்கு 15 வருடச் சர்க்கரைதான் ஆபத்து, இந்த ஜெல் அல்ல.

ஜெல் பொய் மருந்தும் இல்லை. 100 நானோமீட்டருக்கும் சிறிய வெள்ளித் துகள்கள் புண்ணின் ஈரத்தில் வெள்ளி அயனிகளை (மின்னூட்டம் பெற்ற வெள்ளி அணுக்கள்) கொஞ்சம் கொஞ்சமாக விடும். அவை கிருமியின் மேலுறையைச் சிதைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை முடக்கும். ஆனால் வேலை மேற்பரப்போடு சரி. சதைக்குள்ளோ எலும்பிலோ கிருமி இறங்கிவிட்டால் அங்கே எட்டாது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கான 2023 சர்வதேச வழிகாட்டுதலும், புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளி கலந்த கட்டுகளைப் போட வேண்டாம் என்றே சொல்கிறது.

கறுப்பு? பென்சில் தேய்த்ததுபோல் சாம்பலாக இருந்து, தோல் மெத்தென்றும் வழக்கமான சூட்டோடும் இருந்தால் அது வெள்ளிக் கறை. கெட்டியாகவோ, சில்லென்றோ, நாற்றத்தோடோ இருந்தால் சதை செத்துவிட்டது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிருமி பரவுகிறதா என்று தெரிந்துகொள்ள நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது சிவப்பைத்தான். புண்ணை சலைனால் (சுத்தமான உப்புநீர்) கழுவிவிட்டு, சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாமல் போகலாம். அப்போது வீங்கிப் பளபளக்கும் இடத்தின் ஓரத்தில் போடுங்கள். புறங்கையை வைத்து இரண்டு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, புண்ணின் விளிம்பிலிருந்து 2 செ.மீ.க்கு மேல் ஏற்கெனவே பரவியிருந்தாலோ, ராத்திரியானாலும் கிளம்புங்கள். ஜுரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் அழுகும்போதுகூடப் பல நேரம் ஜுரம் வராது.

அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று வாரப் புண்ணை இந்த வாரமே காட்டியாக வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போகலாம். நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பாதத்தில் நாடி பிடிப்பார்கள், கம்பியால் புண்ணின் ஆழத்தைத் தொட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். புண்ணைச் சுற்றித் தடித்த தோலைச் சீவிவிட்டு, அந்த இடத்தில் பாரம் விழாதபடி மாவுக்கட்டோ தனிச் செருப்போ கொடுப்பார்கள். புண்ணை ஆற்றுவதில் முக்கியமானது இந்தப் பாரம் குறைப்பதுதான். பெரியப்பாவுக்கு நடந்தது அப்பாவுக்கும் நடக்க வேண்டியதில்லை, இப்போதே போனால்.

அதுவரை மஞ்சள் தூள், காபித்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். மெடிக்கலில் ‘ரெண்டு நாளைக்கு’ வாங்கும் ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். வெந்நீரில் காலை ஊறவைப்பது அதைவிட மோசம். மரத்த கால் வெந்து கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது.

ஜெல்லை நிறுத்துங்கள், அதனால் நஷ்டமில்லை. சலைனில் நனைத்த காஸ் துணி வைத்துக் கட்டுங்கள், அப்பா அந்தக் காலை ஊன்றாமல் இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது ஜெல் டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் கொடுத்ததில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.