டே சென்டருக்குப் பூட்டு வருமுன்: வாசகர் கேள்வி – பதில்

கவுன்சில் நடத்தும் டே சென்டர்களை (பகல்நேரப் பராமரிப்பு மையங்களை) மூடும் அறிவிப்புகள் பற்றி இங்கிலாந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் எதிர்க்கட்சிக் கவுன்சிலர். முதல் முறை தெரிவானவன். டிமென்ஷியா உள்ள முதியவர்கள் வரும் டே சென்டரை மூடுவது பற்றி என் வார்டில் ஆறு வாரக் கருத்துக்கேட்பு தொடங்கிவிட்டது. கையெழுத்து வாங்குகிறோம், வாசலில் நின்று கோஷம் போடுகிறோம். இது போதுமா?

போதாது. கையெழுத்தும் கோஷமும் வேண்டும். ஆனால் மூடல்கள் தடுக்கப்படுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கும் உரிமை தெருவில் நிற்கும் மற்றவர்களைவிடக் கவுன்சிலருக்கு அதிகம். அதை இப்போதே பயன்படுத்துங்கள்.

முதலில் தேதிகள். இப்படிப்பட்ட முடிவு பெரும்பாலும் ‘கீ டிசிஷன்’ (பெரிய செலவோ பரவலான பாதிப்போ உள்ள முக்கிய முடிவு) என்ற வகையில் வரும். அப்படியானால் 28 நாள் முன்னறிவிப்பு வெளியாக வேண்டும். கவுன்சிலின் முடிவெடுக்கும் குழுவான கேபினட்டுக்குப் போகும் அறிக்கை கூட்டத்துக்கு ஐந்து முழு வேலைநாள் முன்பே பொதுப்பார்வைக்கு வர வேண்டும். முடிவு வெளியானதும் ‘கால்-இன்’, அதாவது அதை மறுபரிசீலனைக்கு எடுக்கும்படி, கோரலாம். எத்தனை கவுன்சிலர்கள் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் அரசியலமைப்பு ஆவணத்தில் தனித்தனியாக வைத்திருக்கிறது. பல இடங்களில் ஐந்து வேலைநாள்தான். முடிவு வந்த பிறகு கையெழுத்துக்கு அலைந்தால் நாள் தாண்டிவிடும், ஆகவே சக கவுன்சிலர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கால்-இன் முடிவை ரத்து செய்யாது. கேபினட்டின் முடிவுகளை ஆராயும் கவுன்சிலர் குழுவான ஸ்க்ரூட்டினி கமிட்டி விசாரித்து, மறுபடி யோசிக்கச் சொல்லி கேபினட்டுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். ஆனாலும் அந்த விசாரணையில் அதிகாரிகள் சொல்லும் ஒவ்வொரு பதிலும் பதிவாகிறது.

அடுத்தது கருத்துக்கேட்பு. ஆறு வாரம் குறைவு என்று மட்டும் வாதாடிப் பயனில்லை, இத்தனை வாரம் என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. 1985-இல் பிரெண்ட் கவுன்சிலுக்கு எதிரான கன்னிங் வழக்கில் வகுத்த நான்கு அளவுகோல்களை வைத்துப் பாருங்கள்: திட்டம் இன்னும் உருவாகும் கட்டத்தில் கேட்டார்களா, புரிந்து பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தந்தார்களா, போதிய அவகாசம் தந்தார்களா, வந்த பதில்களை மனமாரப் பரிசீலித்தார்களா. படிவம் இணையத்தில் மட்டும் இருக்கிறது, வருபவர்களோ எண்பது வயதுக்காரர்கள் என்றால் அதைத் தேதியோடு எழுதி அனுப்புங்கள். கட்டடத்துக்கு விலை மதிப்பீடு ஏற்கெனவே கேட்டிருந்தால், அதுவும் முதல் அளவுகோல் மீறப்பட்டதைக் காட்ட உதவும் சான்று.

மூன்றாவது எண்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ‘வருகை குறைந்துவிட்டது, ஒருவருக்கு ஆகும் செலவு ஏறிவிட்டது’ என்று அறிக்கை சொல்லும். ஏன் குறைந்தது என்று கேளுங்கள். புதியவர்களை அனுப்ப வேண்டாமென்று சோஷல் வொர்க்கர்களுக்கு எப்போது சொல்லப்பட்டது? வேன் ஓட்டுநர் இடம் எத்தனை மாதமாகக் காலி? ஓர் உதாரணம்: ஆண்டுச் செலவு 3,00,000 பவுண்டு, வருபவர் 40 பேர் என்றால் தலைக்கு 7,500. புதிய சேர்க்கையை நிறுத்தி 20 பேராக்கிவிட்டால், வாடகையும் சம்பளமும் அப்படியே இருக்க, தலைக்கு 15,000. செலவு கூடவில்லை, ஆளை வரவிடாமல் செய்தார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளின் மாதவாரிப் பரிந்துரை எண்ணிக்கையை கவுன்சிலர் என்ற முறையில் எழுத்தில் கேளுங்கள். மறுத்துவிடக்கூடும் என்பதால் தகவல் சுதந்திரச் சட்டப்படியும் விண்ணப்பியுங்கள், 20 வேலைநாளுக்குள் பதில் வர வேண்டும். கருத்துக்கேட்பே ஆறு வாரம் என்பதால் இரண்டையும் முதல் வாரத்திலேயே போடுவது நல்லது.

‘மிச்சமாகும் தொகை’ என்ற வரியையும் பிரித்துப் படியுங்கள். அதே ஆட்களுக்கு வேறு இடத்தில் பராமரிப்பு வாங்கும் செலவு, கூடுதல் தூரத்துக்கான போக்குவரத்து, வருபவர்கள் கட்டிவந்த கட்டண வருமான இழப்பு, பணிநீக்கத் தொகை இவையெல்லாம் கழிக்கப்பட்டனவா? கட்டடத்தை விற்ற பணம் ஒருமுறைதான் வரும். அதை ஆண்டுதோறும் மிச்சமாகும் பணத்தோடு சேர்த்துக் காட்டியிருந்தால் அதை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்.

கேள்வி: அம்மா வாரம் மூன்று நாள் அந்த மாதிரி ஒரு சென்டருக்குப் போகிறார். மூடினால் ‘டைரக்ட் பேமென்ட்’ தருகிறோம், நீங்களே ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். கேர் ஆக்ட் 2014 இந்தக் கட்டடத்தைத் திறந்தே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் மதிப்பீடு செய்து, தகுதி உண்டு என்று ஒப்புக்கொண்ட தேவைகளை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்கிறது. ஆகவே அம்மாவின் கேர் பிளானில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் பிடி.

பல பிளான்களில் ‘வாரம் மூன்று நாள் டே சென்டர்’ என்று ஒரு வரி இருக்கும். அது சேவையின் பெயர், தேவை அல்ல. சேவை போனால் அந்த வரியும் போய்விடும். மூடுவதற்கு முன்பே 27-ஆம் பிரிவின் கீழ் மறுஆய்வு கேட்டு, தேவையை விரிவாக எழுத வையுங்கள்: பக்கத்தில் ஆள் இருந்து சொன்னால்தான் சாப்பிடுவார், தனியாக விட்டால் வெளியே நடந்துபோய்விடுவார், புது முகத்தைக் கண்டால் பதறுவார், ஆங்கிலம் மறந்துபோய்த் தமிழ் மட்டும்தான் பேசுகிறார். இந்தக் கடைசி விஷயத்தைத் தமிழ்க் குடும்பங்கள் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. தமிழ் பேசும் ஆள் இருந்தால்தான் மாத்திரை விழுங்குவார் என்பது தேவை. அதை எழுத்தில் ஏற்றிவிட்டால் கவுன்சில் காட்டும் மாற்று ஏற்பாடு அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பணத் தொகையை ஏற்கும் முன் அந்தத் தொகையில் உங்கள் பகுதியில் எத்தனை மணி நேரம் ஆள் கிடைக்கும் என்று இரண்டு மூன்று ஏஜென்சிகளிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். தேவையை நிறைவேற்றப் போதாத தொகையை ஏற்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் 10-ஆம் பிரிவின்படி தனி மதிப்பீடு உண்டு. சென்டர் நடக்கும் அந்த மூன்று நாளில்தான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதையும் அங்கே பதியுங்கள்.

பிளான் நகலை உங்கள் கவுன்சிலருக்கு, அவர் அதைப் பார்க்கலாம் என்ற சம்மதக் கடிதத்தோடு கொடுங்கள். பத்துக் குடும்பங்கள் இப்படிக் கொடுத்தால் ‘எல்லோருக்கும் மாற்று ஏற்பாடு உண்டு’ என்ற அறிக்கை வாக்கியத்தை அவர் பெயர் சொல்லாமலே ஒவ்வொன்றாக உடைக்கலாம்.

கேள்வி: நான் கவுன்சிலர். என் மனைவி அதே சென்டரில் கேர் வொர்க்கர். கூட்டத்தில் பேசலாமா?

முதலில் கவுன்சிலின் சட்ட, நடத்தை விதிகளைக் கவனிக்கும் மானிட்டரிங் ஆபீசரிடம் எழுத்தில் கேளுங்கள். துணைவரின் வேலையும் லோக்கலிசம் ஆக்ட் 2011-இன்படி நீங்கள் அறிவிக்க வேண்டிய பண நலன். விலக்கு அனுமதி இல்லாமல் அந்த விவாதத்தில் பங்கெடுத்தாலோ வாக்களித்தாலோ அது குற்றமாகலாம். விலக்கு கிடைக்காவிட்டால் ஆவணங்களைப் பக்கத்து வார்டுக் கவுன்சிலரிடம் கொடுத்து அவரைப் பேச வையுங்கள். மூடக்கூடாது என்று ஏற்கெனவே வெளியில் பேசிவிட்டேனே என்று இன்னொருவர் கவலைப்பட்டு எழுதியிருந்தார். அது வேறு விஷயம். முன்பே கருத்துச் சொன்னதாலேயே ஒருவர் திறந்த மனதில்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது.

கேள்வி: நான் ஆளும் குழுவில் இருக்கிறேன். ‘மூடாவிட்டால் பணம் எங்கே’ என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் ஒரு பட்ஜெட் திருத்தமாக இருக்க வேண்டும். கவுன்சில் பற்றாக்குறை பட்ஜெட் போட முடியாது. பணம் போதாது என்று நிதி அதிகாரி 114-ஆம் பிரிவு அறிவிப்பு கொடுத்தால் அத்தியாவசியமற்ற புதுச் செலவு எல்லாம் நிற்கும். 2018-இல் நார்தாம்ப்டன்ஷயரிலும் 2023-இல் பர்மிங்காமிலும் நடந்தது இதுதான். ஆகவே எந்த வரியில் குறைத்து இந்த வரியில் சேர்ப்பது என்று காட்டி, கூட்டத்துக்கு முன்பே நிதி அதிகாரியிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் சரி சொல்லாத திருத்தம் பெரும்பாலும் விவாதத்துக்கே வராது. சேமிப்பு நிதியிலிருந்து எடுப்பது ஓராண்டுக்குத்தான் தாங்கும். அந்த ஓராண்டில் என்ன மாறும் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அடுத்த பிப்ரவரியில் அதே கேள்வி திரும்பி வரும். இன்னொன்று: உங்கள் சொந்த கவுன்சில் டாக்ஸ் இரண்டு மாதம் பாக்கி இருந்தால் பட்ஜெட்டில் வாக்களிக்க முடியாது.

கேள்வி: நீதிமன்றம் போனால் ஜெயிக்குமா?

ஜெயித்திருக்கிறார்கள். எதில் ஜெயித்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள். எக்ஸிடரில் மார்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் ‘நீங்கள் விரும்பும்வரை இங்கே இருக்கலாம்’ என்று 1993-இல் பமெலா காக்லன் உள்ளிட்டவர்களுக்கு வாக்குறுதி தந்து, பிறகு மூட முடிவெடுத்தார்கள். அந்த வாக்கை மீறுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே உங்கள் பெற்றோரைச் சேர்த்தபோது வந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

லூயிஷம் மருத்துவமனையின் சேவைகளைக் குறைக்கச் சுகாதார அமைச்சர் எடுத்த முடிவை எதிர்த்து மக்கள் இயக்கத்தோடு லூயிஷம் கவுன்சிலும் சேர்ந்து வழக்குப் போட்டது. 2013 ஜூலையில் உயர் நீதிமன்றத்திலும் அக்டோபரில் மேல்முறையீட்டிலும் அமைச்சர் தோற்றார். காரணம் எளிது: நொடிந்துபோன பக்கத்து மருத்துவமனை டிரஸ்டுக்காகத் தந்த அதிகாரத்தை லூயிஷம் மீது பயன்படுத்த முடியாது. ஆனால் அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. 2014-இல், கவுன்சில் டாக்ஸ் சலுகை பற்றி ஹாரிங்கே கவுன்சில் நடத்திய கருத்துக்கேட்பில் மாற்று வழிகளைச் சொல்லாதது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆனாலும் மறுபடி கருத்துக் கேட்கும்படி உத்தரவிடவில்லை.

முடிவெடுத்த நாளிலிருந்து தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மூன்று மாதத்தை முழுதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது ஆபத்து. அதற்கு முன் கவுன்சிலுக்கு ஒரு முன்-வழக்குக் கடிதம், பதிலுக்கு வழக்கமாக 14 நாள். மனுதாரராகச் சென்டருக்கு வரும் ஒருவர் இருப்பது நல்லது. அவருடைய வருமானத்தைப் பொறுத்து லீகல் எயிட் கிடைக்க வழியுண்டு. கவுன்சிலரின் இடம் சாட்சி வாக்குமூலத்தில். மேலே சொன்ன பரிந்துரை எண்களும் ஸ்க்ரூட்டினியில் பதிவான பதில்களும் அங்கேதான் இணைப்பாகப் போகும்.

கேள்வி: மூடிவிட்டார்கள். கட்டடத்தை விற்பதையாவது தடுக்கலாமா?

தாமதப்படுத்தலாம். லோக்கலிசம் ஆக்ட்படி ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று பதியக் கோருங்கள். பதிவாகாத குழுவாக இருந்தால் வாக்காளர் பட்டியலில் உள்ள உள்ளூர் உறுப்பினர்கள் 21 பேராவது வேண்டும். எட்டு வாரத்தில் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். பதிந்தபின் விற்க முனைந்தால், வாங்க விரும்புகிறோம் என்று ஆறு வாரத்துக்குள் சமூகக் குழு ஒன்று எழுதிக் கொடுத்தால் ஆறு மாதம்வரை விற்பனை நிற்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விண்ணப்பத்தில் எல்லையைக் குறித்த வரைபடத்தை மறக்காமல் இணையுங்கள்.